ஆஸ்பத்திரியின் பெங்காலி அக்கா

குரல் கொடுப்பவர்களைத் தேடும் இணையதளங்களில் சேருவதற்கு முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உங்கள் வயது ஒரு கட்டத்தில், உங்கள் குரலின் வயது இன்னொரு கட்டத்தில். எனக்கு நாற்பத்தெட்டு. குரலுக்கு முப்பத்தைந்து என்று போட்டேன். அது பொய் இல்லை, தொலைபேசியில் பேசுகிறவர்கள் சொல்வதுதான். அதற்குக் கீழே தாய்மொழி என்று ஒரு கட்டம் இருந்தது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். யோசிக்காமல் தமிழ் என்று அழுத்தினேன்.

கொஞ்சம் யோசித்திருக்கலாம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். நான் இங்கேயே பிறந்து லேக் கார்டன்ஸில் வளர்ந்தேன், கல்யாணமாகி டாக்குரியாவுக்கு வந்தேன். இரண்டுக்கும் நடுவே நடந்தே போய்விடலாம். என் வாழ்க்கையில் நான் செய்த குடிபெயர்ச்சி அவ்வளவுதான். கணவர் காரக்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த திருநெல்வேலித் தமிழர், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. வீட்டுக்குள் தமிழ், கதவைத் திறந்தால் வங்காளம். மீன்காரரிடம் பேரம், ஆட்டோக்காரரிடம் சண்டை, பள்ளிக்கூடத்தில் பாடம், எல்லாம் வங்காளத்தில்தான்.

பத்தொன்பது வருடம் ஒரு தனியார் பள்ளியில் பூகோளம் நடத்தினேன். பிள்ளைகள் குறைந்து குறைந்து ஒருநாள் பள்ளியையே மூடிவிட்டார்கள். அடுத்த மூன்று வருடம் வீட்டில். அந்த மூன்று வருடத்தில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரு திங்கட்கிழமைக்கும் ஒரு வியாழக்கிழமைக்கும் வித்தியாசம் தெரியாமல் போவது எவ்வளவு கொடுமை என்பது, வேலை பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் புரியும். நிறைந்த வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி, கத்தாமல் பேசத் தெரியும் என்பது ஒன்றுதான் என்னிடம் மிச்சமிருந்த கைமுதல்.

தமிழில் மாதிரி வாசித்து அனுப்பிக்கொண்டே இருந்தேன். குக்கர் விளம்பரம், குழந்தைகளுக்கான பாடம், லிஃப்டுக்குள் மாடி எண் சொல்லும் குரல். பெரும்பாலும் பதிலே வராது. கிணற்றில் போட்ட கல் மாதிரிதான். சென்னையிலிருந்து ஒரு பெண் மட்டும் இரக்கப்பட்டு எழுதினாள். உச்சரிப்பு சுத்தம் மேடம், ஆனால் கேள்வியின் கடைசியில் ஒரு ராகம் வருகிறது, வெளியூரிலிருந்து வந்தவர் பேசுவது போல இருக்கிறது என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா என்னைத் தமிழ் எழுத உட்கார வைத்துக் காதைத் திருகியதெல்லாம் எதற்கு? அன்று மாலை கணவரிடம் புலம்பினேன்.

"அந்தப் பிள்ளை சொன்னதுல என்ன தப்பு?" என்றார். "ஏளா, நீ பேசுத தமிழ்ல ரசகுல்லாப் பாகு ஒட்டிக்கிட்டில்லா இருக்கு. எனக்குப் பழகிப்போச்சு. ஊருக்குப் பழகணும்ல."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் படிவத்தைத் திறந்து, தாய்மொழி என்ற இடத்தில் வங்காளம் என்று மாற்றினேன். தமிழை 'தெரிந்த மொழிகள்' பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டேன். இரண்டும் இருந்தால் சந்தேகம் வரும் என்று தோன்றியது. பெற்றவளை யாரென்று தெரியாது என்று சொன்ன மாதிரி ஒரு உறுத்தல் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அழுத்தினேன்.

பதிவு செய்யும் இடம் எங்கள் படுக்கையறை அலமாரி. குளிர்காலத்துப் பஞ்சு மெத்தைப் போர்வைகளை இங்கே லேப் என்பார்கள். நான்கு லேப்களை அலமாரிக் கதவுகளிலும் பின்சுவரிலும் தொங்கவிட்டு, நடுவில் ஒரு முக்காலி, ஒரு மைக். உள்ளே உட்கார்ந்தால் இட்லிப் பானைக்குள் மாவு வெந்துகொண்டிருப்பது போல இருக்கும். காலையில் மீன்காரர், பேப்பர்காரர், குக்கர் விசில். சாயங்காலம் விளக்கேற்றி வீட்டுக்கு வீடு சங்கு ஊதுவார்கள். ஆனால் இரண்டிலிருந்து நான்கு மணிவரை கல்கத்தாவில் சோறு தின்ற தூக்கம் என்று ஒன்று உண்டு. கடைக்காரர் கூட பாதிக் கதவை இறக்கிவிட்டுப் படுத்துவிடுவார். அந்த இரண்டு மணி நேரம்தான் என் அலுவலகம். ஜன்னலுக்கு அப்பால் ரயில் பாதை. உள்ளூர் ரயில்களின் நேரம் எனக்கு மனப்பாடம். இரண்டு ரயிலுக்கு நடுவே ஒரு பக்கம் வாசித்து முடித்துவிட வேண்டும்.

வங்காளம் என்று மாற்றிய இரண்டாவது வாரமே அழைப்பு வந்தது. எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்? தமிழ்நாட்டு ஊர் ஒன்றில் இருக்கும் பெரிய மருத்துவமனை.

இதில் ஆச்சரியமில்லை. கல்கத்தாவில் யாருக்காவது வியாதி முற்றினால், "தெற்கே கூட்டிப்போ" என்பதுதான் முதல் யோசனை. ஹவுராவிலிருந்து தெற்கே போகும் ரயிலில் ஏறிப் பாருங்கள், பெட்டிக்குப் பாதிப்பேர் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காக அந்த மருத்துவமனை எல்லா அறிவிப்புகளையும் வங்காளத்தில் பதிவு செய்துகொண்டிருந்தது. எந்த மாடிக்குப் போவது, சோதனைக்கு முன்னால் எத்தனை மணி நேரம் சாப்பிடக்கூடாது, ஸ்கேன் எந்திரத்துக்குள் படுத்திருக்கும்போது எப்போது மூச்சை இழுத்துப் பிடிப்பது என்பவை எல்லாம்.

அங்கே வங்காள நோயாளிகளின் உதவிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இளம்பெண்தான் என்னோடு தொடர்பில் இருந்தாள். அவளுக்கு வங்காளம் வராது. ஆங்கிலத்தில் பேசுவாள், என்னைத் தீதி என்று கூப்பிடுவாள். வங்காளத்தில் அக்கா. முதல்நாள் நான் அலமாரிக்குள்ளிருந்து வாசிக்க, அவளும் மேலதிகாரி ஒருவரும் கணினி வழியாக அங்கே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் முடித்ததும் அவள் அந்தப் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"சார், இந்த பெங்காலி அக்கா ஓகேவா?"

"குரல் நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர். "ஆனா அந்தம்மா ட்ரெயினைப் பிடிக்கப் போற மாதிரி படிக்கிறாங்க. வயசானவங்க கேக்கறது, கொஞ்சம் நிதானமா சொல்லச் சொல்லு."

உண்மையில் எனக்கு ரயில் அவசரம்தான். அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. அவள் என் பக்கம் திரும்புவதற்குள் நான் ஆங்கிலத்தில், "வயதானவர்கள் கேட்பது அல்லவா, இன்னும் நிதானமாக ஒருமுறை படிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் அசந்துபோனார்கள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், எனக்கு முன்னால் குரல் கொடுத்த பெண்ணை ஏன் நிறுத்தினார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பெண் வங்காளி இல்லையாம், வங்காளம் கற்றுக்கொண்டவளாம். படிவத்தில் தாய்மொழி என்று போட்டிருந்தாளாம். ஒரு நோயாளி புகார் சொல்லி, பெரிய தலைகள் வரைக்கும் போய்விட்டதாம். அதனால்தான் தாய்மொழியாகப் பேசுபவர் மட்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கிறோம் தீதி, நீங்கள் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம் என்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வேலை வந்தது. திங்கட்கிழமை காலை அவள் நான் வாசிக்க வேண்டிய எழுத்துப்படியை அனுப்புவாள், புதன்கிழமை நான் பதிவை அனுப்புவேன். இந்தத் தொழிலில் முதல்முறை கூப்பிடுவது குரலுக்காக. இரண்டாம் முறை கூப்பிடுவது, சொன்ன நாளில் கொடுத்தோமா, கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வைத்தோமா, திருத்தம் சொன்னால் முகம் சுளிக்காமல் செய்தோமா என்பதற்காக. வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவர்கள் என்னை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு வேறு காரணமும் உண்டு. நாங்கள் மனதில் நினைப்பது தீதிக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது என்று அவள் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். தெரியாமல் என்ன? முன்னால் உட்கார்ந்து தமிழில் பேசினால் தெரியாதா? ஒருமுறை அந்த அதிகாரி, "இந்தம்மாவுக்கு மூக்கடைப்பு போல, கேட்டா கோச்சுக்குவாங்களோ?" என்றார். நானே ஜலதோஷம் என்று சொல்லி இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டேன். அன்று வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

எழுத்துப்படிகள் படு மோசமாக இருக்கும். எந்திரத்தை வைத்து மொழிபெயர்த்தது. அதைத் திருத்தித் தந்தது எங்கள் மேல்மாடி பௌதி. பௌதி என்றால் அண்ணி. இங்கே அக்கம்பக்கத்தில் யாரும் யாருக்கும் வெறும் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. அவர் கணவர் எனக்குத் தாதா, அதாவது அண்ணன். தமிழ் சினிமா தாதா என்று நினைத்துவிடாதீர்கள், எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற மனிதர். எங்கள் தெருவின் துர்கா பூஜைக் கமிட்டிச் செயலாளர். பௌதி பள்ளிப் படிப்பை முடிக்காதவர், ஆனால் வங்காள வார இதழ்களை அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பவர். எழுத்துப்படியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்வார்.

"இந்தப் பாஷையில் பேசினால் நோயாளி பயந்தே செத்துப்போவான். 'மூச்சை உள்ளே இழுங்கள், அப்படியே வைத்திருங்கள்' என்று சாதாரணமாகச் சொல்."

அப்படித்தான் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி என்று அவர் கேட்கவில்லை. வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் நானும் சொல்லவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் தாதாவுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். கல்லீரலில் ஏதோ நிழல் தெரிகிறது என்றார்கள். ஊசியால் சிறிது திசுவை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். எல்லோரும் சொன்னதுதான், தெற்கே போ. பௌதி கீழே இறங்கி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நீ கூட வா. பத்து நாள்தான். உனக்கு அந்த ஊர் பாஷை தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். அதேதான். வங்காள நோயாளிகள் எல்லோரும் அந்தப் பெண்ணின் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் தமிழில் ஒரு வார்த்தை பேசினால் போதும், முடிந்தது.

"பூஜைக்கு முன்னால் வேலை குவிந்து கிடக்கிறது பௌதி," என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "அதுவும் சரிதான், வேலை முக்கியம்," என்று எழுந்துபோனார். கொஞ்சம் கூடக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கணவருக்குத் தெரிந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "போய்ட்டு வாயேன்ளா. யாரு கண்டா?"

"வாயைத் திறந்தா அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிரும்."

"அப்ப திறக்காத."

"வாயைத் திறக்காம துணைக்குப் போய் நான் என்ன செய்ய? பெட்டி தூக்கவா?"

இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். "அப்ப மேல போய் உள்ளதைச் சொல்லிரு. அவங்க என்ன, ஊரு பூரா சொல்லவா போறாங்க?"

சரியான யோசனைதான். நான் செய்யவில்லை. ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பணம் காரணமில்லை, நாங்கள் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படவில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு திங்கட்கிழமை காலையில் என்னை எதிர்பார்க்க ஒருவர் இருந்தார். தீதி, ரெடியா என்று கேட்க ஒரு குரல் இருந்தது. அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்காக, என்னைத் தங்கையாக நினைத்தவர்களைத் தனியாக ரயிலேற்றி விட்டேன். ஹவுராவுக்குப் போய் வழியனுப்பினேன். பெரிய புண்ணியம் போல லுச்சிப் பூரியும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொடுத்தேன்.

திரும்பி வர பஞ்சமி நாளுக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். மறுநாள் சஷ்டி, பூஜை ஆரம்பம். செயலாளர் இல்லாமல் எப்படி? பூஜை சமயத்தில் கல்கத்தாவுக்கு ரயில் டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்ததை உயிரே போனாலும் ரத்து செய்ய மாட்டார்கள். நான் அதை வெறும் பேச்சாக நினைத்திருந்தேன்.

அவர்கள் போன ஐந்தாம் நாள் மதியம். அலமாரிக்குள் இருந்தேன். வேறு ஒரு நிறுவனத்தின் வேலை. போனை அடுத்த அறையில் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். ரயில் வரும் நேரம் என்று வெளியே வந்து பார்த்தால், பௌதியிடமிருந்து ஏழு அழைப்புகள். கூப்பிட்டேன். அவர் அழுதுகொண்டிருந்தார். பௌதிக்கு வங்காளத்தைத் தவிர எந்த மொழியிலும் அழத் தெரியாது. துண்டு துண்டாக வந்ததைச் சேர்த்துப் பார்த்தேன்.

தாதா இரண்டு வருடமாக ரத்தம் இளகுவதற்கான மாத்திரை சாப்பிடுகிறார். இதயத்துக்காகக் கொடுத்தது. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கல்லீரலில் ஊசி குத்த முடியாது, ரத்தம் நிற்காது. ஐந்தாறு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும். அப்படி நிறுத்தினால் பஞ்சமி ரயில் போய்விடும். எனவே ஆஸ்பத்திரிப் படிவத்தில் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். டாக்டர் நேரில் கேட்டதற்கும் அதையே சொல்லியிருக்கிறார். நேற்றிரவும் மாத்திரையை விழுங்கியிருக்கிறார். டாக்டர்கள் எல்லாம் சும்மா பயமுறுத்துவார்கள், ஊசிதானே என்று பௌதியிடம் இப்போதுதான் சொன்னாராம். வண்டியில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வங்காளம் தெரிந்த ஊழியர் பூஜைக்காக ஊருக்குப் போய்விட்டார். யாருக்கும் பௌதி சொல்வது புரியவில்லை.

"வண்டி தள்ளுகிறவரிடம் போனைக் கொடுங்கள்," என்றேன்.

ஒரு பெண் ஹலோ என்றார். நான் முதலில் இந்தியில்தான் சொன்னேன். பழக்கதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த நேரத்திலும் என் புத்தி கணக்குப் போட்டது என்பதுதான் உண்மை. "இந்தி வராதும்மா," என்றார் அவர். ஆங்கிலத்தில் சொன்னேன். அதுவும் போகவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"யக்கா, வண்டியை நிறுத்துங்க!" என்று கத்தினேன். "உள்ள கொண்டுபோகாதீங்க. அவரு ரத்தம் இளகுத மாத்திரை சாப்பிடுதாரு. நேத்து ராத்திரியும் சாப்பிட்டிருக்காரு. பேப்பர்ல எழுதாம மறைச்சிட்டாரு. ஊசி போட்டா ரத்தம் நிக்காது, சொல்லுங்க அவங்ககிட்ட!"

"ஏ ஆத்தா, தமிழா நீங்க!" என்றார் அந்த அம்மா. "இருங்க, வண்டிய நிறுத்திட்டேன். பெங்காலிக்காரங்களைப் பாக்கற பொண்ணு இந்தா நிக்குது, அதுகிட்டக் குடுக்கறேன்."

அந்தப் பொண்ணு யார் என்று எனக்குத் தெரியும். போன் கை மாற நான்கைந்து நொடி ஆகியிருக்கும். வண்டி நின்றாயிற்று, இனி வைத்துவிடலாம், அவளிடம் ஆங்கிலத்தில் பேசி ஏதாவது சமாளிக்கலாம் என்று மனம் சொன்னது. அதற்குள் பௌதியின் அழுகை போனில் கேட்டது. வைக்கவில்லை.

"ஹலோ, யார் பேசறீங்க?"

எல்லாவற்றையும் மறுபடி தமிழில் சொன்னேன். மாத்திரையின் பெயரைச் சொன்னேன். மழை நாட்களில் அவருக்கு நான்தான் வாங்கிவந்து கொடுப்பேன், அதனால் அளவு கூடத் தெரியும். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"தீதி?"

"ஆமாம்மா."

நல்ல பெண், வேலை தெரிந்தவள். நர்ஸைக் கூப்பிட்டாள், டாக்டரிடம் சொல்லச் சொன்னாள், வண்டியை வார்டுக்குத் திருப்பச் சொன்னாள். எல்லாம் காதில் விழுந்தது. பிறகு போனுக்கு வந்து, "தகவல் சொன்னவங்கன்னு எழுதணும். நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"தங்கச்சி."

"தங்கச்சியா?"

"ஆமா. அப்படியே எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டிருந்தாள் போல. பிறகு கேட்டாள், "நாங்க இங்க பேசினதெல்லாம் உங்களுக்குப் புரிஞ்சுது, இல்ல?"

"புரிஞ்சுது."

"சார் சொன்னதும்?"

"அதுவும்."

போனை வைத்துவிட்டாள். அவள் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது. அலமாரிக்குத் திரும்பிப் போனேன். ஒரு வரி கூட வாசிக்க முடியவில்லை. லேப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

ஆறு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தச் சோதனையைச் செய்தார்கள். பயந்த மாதிரி ஒன்றுமில்லை, பழைய கிருமித் தொற்று, மருந்தில் சரியாகிவிடும் என்றார்கள். ஆனால் பஞ்சமி ரயில் போனது போனதுதான். நாற்பது வருடத்தில் முதல்முறையாகத் தாதா பூஜைக்கு ஊரில் இல்லை. அஷ்டமி அன்று என் கணவர் போனைப் பந்தலுக்கு எடுத்துப்போய், கொட்டுச் சத்தத்தை அவருக்குக் கேட்க வைத்தார். அந்தப் பக்கம் அவர் விசும்பியதாகக் கணவர் சொன்னார்.

அதே வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக. ஒப்பந்தத்தின் இன்ன பிரிவின்படி மேற்கொண்டு பதிவுகள் தேவைப்படாது, இதுவரை செய்த பணிக்கு நன்றி. அந்தப் பெண்ணின் கையெழுத்துத்தான். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னிடம் ஏமாந்தவள் அவள். ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கை தானாகப் போய்க் கணினியைத் திறந்தது. ஒன்றும் வந்திருக்கவில்லை.

தசமி முடிந்து மூன்றாம் நாள் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். தசமிக்குப் பிறகு இங்கே ஒரு வழக்கம் உண்டு. சிறியவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும், அவர்கள் வாயில் இனிப்பு ஊட்டுவார்கள். பழைய மனத்தாங்கல் எதுவும் அன்றோடு போய்விட வேண்டும் என்பது கணக்கு. மேலே ஏறிப் போனேன்.

தாதா இளைத்திருந்தார், ஆனால் வாய் இளைக்கவில்லை. "ஸ்கேன் எந்திரத்துக்குள் உன் குரல்!" என்றார். "மூச்சை இழுங்கள், அப்படியே வைத்திருங்கள் என்கிறாய். இது என் தங்கை, என் கீழ்வீட்டுத் தங்கை என்று அந்த ஆளிடம் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆடாமல் படுங்கள் என்றான்."

காலைத் தொட்டுக் கும்பிட்டேன். தலையில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படிவத்தில் போட்ட பொய், தமிழ் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தது, பூஜை வேலை என்று சாக்குச் சொன்னது, வேலை போனது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். படிவத்தில் பொய் எழுதும் விஷயத்தில் என்னைக் கண்டிக்க அவருக்கு யோக்கியதை இல்லை என்பது அவருக்கே தெரியும்.

பௌதி கையில் தேங்காய் உருண்டைத் தட்டோடு நின்றிருந்தார். திட்டட்டும் என்றுதான் காத்திருந்தேன். ஏழுமுறை கூப்பிட்டேனே என்று கேட்பார், நீயெல்லாம் ஒரு தங்கையா என்பார் என்று நினைத்தேன். அவர் தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். உண்மையாகவே புரியாதவர் போலக் கேட்டார்.

"இவ்வளவுதானா? அன்றைக்கே என்னிடம் சொல்வதற்கு என்ன? தெற்கே வேறு ஆஸ்பத்திரியா இல்லை? அங்கே போயிருப்போமே. உன் வேலையும் போயிருக்காது, நீயும் கூட வந்திருப்பாய்."